பல்லில் பிடித்த தங்கூசி

இன்று காலையில் உன் மகள் கத்திரிக்கோல் கேட்டாள். உன் வாத்தியத்தில் கட்டின புது நரம்பின் நுனியை நறுக்க வேண்டுமாம். "கத்திரி எதுக்குடி, குடு இப்படி" என்று வாங்கி வாயில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நினைவு வந்தது, எனக்கு முன்பல்லெல்லாம் போய்விட்டதே என்று. எச்சில் பட்ட நுனியை முந்தானையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் சிரித்தாள். அசல் உன் சிரிப்பு. அந்த நரம்பில் இருந்த புது வாசனை மட்டும் என் மூக்கிலேயே நின்றுவிட்டது. பூம்புகார் வலைக்கடை வாசனை.

நீயும் நானும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து அஞ்சாவதோடு நின்றவர்கள். என் எழுத்து உனக்குத் தெரியும், கோழி கிண்டினது மாதிரி இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். உன்னிடம் போய் நின்று பேச இங்கே ஒரு குழிகூட இல்லை. நீ வேலைக்குப் போன குவைத் மண்ணிலேயே உன்னை அடக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீ முதல் தடவை குவைத்திலிருந்து திரும்பி வந்தது நினைவிருக்கிறதா? பால் பவுடர் டின், சோப்பு, தைலம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, அடியில் துணி சுற்றி ஒன்றை எடுத்தாய். முழங்கை நீளம்தான். நாலு நரம்பு.

"என்னடி இது, கித்தார் குட்டி போட்டிருக்கா?" என்றேன்.

"உக்குலேலே" என்றாய். நான் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், நாக்கு வழுக்கியது. நீ வேலை பார்த்த வீட்டில் சமையலுக்கு இருந்த பிலிப்பைன்ஸ்காரி கற்றுக் கொடுத்தாளாம். மத்தியானத்தில் அந்த வீட்டுக் குழந்தையை அதை மீட்டித்தான் தூங்க வைப்பாயாம்.

உன் குழந்தை என் இடுப்பில் இருந்தாள். தவழ்கிற வயதில் அவளை என்னிடம் விட்டுப் போனாய். அவள் அப்பன் வேறு குடும்பம் பார்த்துப் போய்விட்ட பிறகு உனக்கும் வேறு வழியில்லை. நீ திரும்பி வந்தபோது அவளுக்கு நாலு வயது. நீ கையை நீட்டினாய். அவள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அழுதிருந்தாக்கூட மனசு ஆறும்டி" என்று கொல்லையில் வந்து சொன்னாய். "யாரோ விருந்தாளியப் பாக்குற மாதிரி பாக்குறா."

வேற்று வீட்டுப் பிள்ளை தூங்கின சத்தத்தில் நம் பிள்ளையும் தூங்காதா என்றுதான் அதைத் தூக்கி வந்தாய். ஆனால் பெட்டியில் வந்ததில் ஒரு நரம்பு அறுந்திருந்தது, மற்றவை தேய்ந்து நைந்து போயிருந்தன. மயிலாடுதுறையில் பாட்டுச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குன்னு தனியா வராதும்மா. இந்தக் கம்பியப் போட்டுப் பாருங்க" என்று எஃகுக் கம்பியைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நீ அதை முறுக்கி மீட்டினபோது எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்த சத்தம். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினாள். விடிந்து பார்த்தால் கம்பி இழுத்த இழுப்பில், நரம்பைத் தாங்குகிற குதிரைக்கட்டை மரத்தை விட்டுப் பெயர்ந்து நின்றது. மெல்லிசு மரம், எஃகைத் தாங்குமா?

நீ அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய். நான் ஆசாரி வீட்டில் வஜ்ஜிரப் பசை வாங்கி வந்து ஒட்டி, மேலே துணி போட்டு அம்மிக் குழவியை வைத்தேன். அப்போதுதான் பழைய நரம்பின் துண்டு கையில் அகப்பட்டது. வளைத்துப் பார்த்தேன். கடித்துப் பார்த்தேன்.

"ஏடி, இது தங்கூசிடி! எங்க வீட்டுக்காரரு தூண்டிலுக்குக் கட்டுறது."

"போடி."

"சத்தியமாடி. நைலான்."

மறுநாளே பூம்புகார் வலைக்கடைக்குப் போனோம்.

"என்ன மீனுக்கும்மா?" என்றார் கடைக்காரர். எந்த மீன் என்று சொன்னால்தான் அதற்குத் தக்க தடிமனில் எடுத்துக் கொடுப்பார்.

"நாலு வயசுப் புள்ளைக்கு" என்றாய் நீ. அவர் விழித்த விழி இருக்கிறதே!

வாத்தியம் வீட்டில் குழவிக்கு அடியில் கிடந்தது. சத்தத்தை எப்படிப் பார்ப்பது? நான் ஒரு தங்கூசியின் நுனியை முன்பல்லில் கடித்து, மறு நுனியைக் கையால் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினேன். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் மண்டைக்குள் கேட்டது, கிணற்றுக்குள் பேசினது போல. "மண்டைக்குள்ள கேக்குதுடி, நீயும் கடி" என்றேன். நீயும் கடித்தாய். இரண்டு பொம்பளைகள் கடைவாசலில் நின்று தங்கூசியைக் கடித்துச் சுண்டிக்கொண்டிருந்தோம்.

"கடிச்சுப் பாத்து வாங்க இது கருவாடாம்மா?" என்றார் அவர். நீ சிரித்த சிரிப்பில் நரம்பு வாயிலிருந்து தெறித்து அவர் சட்டையில் பட்டது.

பின்னல் போட்ட நீலக் கயிறு செத்த கயிறு, சுண்டினால் பேசவே இல்லை. அடுத்தது வளைகுடாப் படகில் வேலை பார்த்து வந்தவர்கள் கேட்பதற்காக வைத்திருந்த உசத்திச் சரக்கு. கண்ணாடி மாதிரி கெட்டி. கணீரென்று பேசியது. நான் அதையே எடுக்கச் சொன்னேன். நீ தலையை ஆட்டிவிட்டாய். "இது எழுப்பி விடுற சத்தம்டி. எனக்குத் தூங்க வைக்கிற சத்தம் வேணும்." கடைசியில் சாதா வெள்ளைத் தங்கூசி. கடித்துச் சுண்டினால் 'ம்ம்' என்றது. பால் குடித்த பிள்ளை முனகுகிற மாதிரி. அதிலேயே மூன்று தடிமனில் வாங்கினோம்.

தடிமனிலிருந்து மெல்லிசுக்கு வரிசையாகக் கட்டப் போனேன், நீ கையைத் தட்டிவிட்டாய். "இதுக்கு அப்படி இல்லடி. மூத்த மருமக ஒல்லி, அடுத்தவ குண்டு, மூணாமவ நடுத்தரம், கடைக்குட்டி மறுபடி ஒல்லி." முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கக் காட்டிக் கொடுத்தது நான். எச்சில் தொடாமல் இறுக்கினால் முடிச்சு சூடேறி அறுந்துவிடும். அந்த ஒரு வித்தைதான் உனக்கு நான் கொடுத்தது.

புதுத் தங்கூசி ஒரு இடத்தில் நிற்கவில்லை. நீ ராத்திரி சுதி சேர்த்தால் காலையில் தொய்ந்திருக்கும். வயலில் நடவு நடந்த நேரம், வெளியெல்லாம் ஈரக் காற்று. நான் மீன் கூடையோடு நடவு வரப்பெல்லாம் சுற்றித் திரும்பும்போது நீ முறுக்கிக்கொண்டேதான் இருப்பாய். "புதுசுதானேடி, இழுபடத்தான் செய்யும்" என்பாய்.

அப்படி ஒரு மத்தியானம். நான் கொல்லையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மீட்டுகிற சத்தம் திடீரென்று பாதியில் நின்றது. எட்டிப் பார்த்தேன். பிள்ளை உன் மடியில் தூங்கிப் போயிருந்தாள், ஒரு விரல் நரம்பின் மேல். உன் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாலேயே எனக்குச் சொன்னாய், சத்தம் போடாதே என்று. நான் செதிள் ஒட்டின கையோடு அப்படியே நின்றேன். காக்கா வந்து மீனைத் தூக்கிப் போனது. விரட்டவில்லை.

அந்த மத்தியானத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினதும் மறுபடி புறப்பட்டாய். "இந்த ஒரு தடவதான்டி" என்றாய். "நரம்ப மட்டும் அவுத்துடாத. அவ தேடுவா." நான் அவிழ்க்கவில்லை. நீதான் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்தாயாம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போன் பூத்துக்காரர் தெருவில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கூடையில் மீன் இருந்தது. வெயில் ஏறினால் கெட்டுவிடும். கூவி விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கூவினது யார் தொண்டை என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அவளை வளர்த்தேன், படிக்க வைத்தேன். என் வீட்டுக்காரரையும் கடல் கொண்டுபோனது. உன் மகள் நர்ஸ் ஆகிவிட்டாள். நாளைக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், குளிர் தேசம். உக்குலேலேயும் கூடப் போகிறது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து நரம்பு வாங்கி வந்தாள்.

"பழசு சுதி நிக்கவே மாட்டேங்குது சின்னம்மா. இது குளிரு, ஈரம் எதுக்கும் அசையாது. சத்தமும் நல்லா வரும்."

தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி கெட்டி. நீ வேண்டாமென்று வைத்த அதே ஜாதி. அவள் கத்திரியால் ஒவ்வொன்றாக வெட்டினாள். உன் எச்சில் காய்ந்த முடிச்சுகள் தரையில் விழுந்தன. புதுசைக் கட்டி மீட்டினாள். வீடெல்லாம் கணீரென்றது.

"நல்லா இருக்குல்ல சின்னம்மா?"

"நல்லா இருக்கு" என்றேன். நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேட்டுவிட்டேன். "நீ சின்னதுல உங்கம்மா மடியில தூங்குன மத்தியானம் ஒனக்கு ஞாபகம் இருக்காடி?"

யோசித்தாள். பாவம், நிஜமாகவே யோசித்தாள். "அம்மா மொகமே போட்டோவுலதான் சின்னம்மா தெரியுது."

அந்த மத்தியானத்தில் இருந்தது மூன்று பேர். நீ போய்விட்டாய். அவளிடம் அது இல்லை. இனி அது நடந்தது என்பதற்கே நான் ஒருத்திதான்.

தரையில் கிடந்ததை வாரிக்கொண்டு, "தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

"இங்க குடு. பூ கட்ட ஆகும்."

"தங்கூசியில யாரு பூ கட்டுவா!" என்று சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிட்டுப் பெட்டி அடுக்கப் போனாள்.

கொல்லைக்கு வந்து உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் ஒன்றைக் கட்டி இழுத்துச் சுண்டினேன். சத்தமே இல்லை. அவிழ்த்தேன். எனக்குக் கடைவாயில் ஒரு பல் மிச்சம் இருக்கிறது. அந்தக் குண்டு மருமகள் நரம்பை அதற்கடியில் வைத்துக் கடித்து, இழுத்துப் பிடித்துச் சுண்டினேன்.

'ம்ம்' என்றது.

உள்ளே உன் மகள் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு இது கேட்காது. யாருக்கும் கேட்காது. மறுபடி சுண்டினேன். மறுபடியும்.

இந்தப் பல்லும் ஆடுகிறது.