கிழவனின் தாடை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று என் தங்கை மாதாமாதம் எழுதிவிடுவதால் அதை விசாரிக்கப் போவதில்லை. இருபத்தாறு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்கு அல்ல. இந்தச் செய்தி வேறொருவர் வாயால் உங்களுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்.

மியூசியத்தில் கிழவனை எடுக்கப் போகிறார்கள். நான் பாடம் செய்து நிறுத்திய அதே கரடியை. புதிதாக வந்திருக்கும் அதிகாரியம்மாள் வீடு தேடி வந்தாள்.

"ஐயா, முடி கொட்டுது. காதுக்குள்ள பூச்சி. இனிமே தோலைக் காப்பாத்த முடியாது. ஆனா தலைக்குள்ள நிஜ மண்டையோடு இருக்காமே? அதை எடுத்து இதே கரடியோட எலும்புக்கூட்டுல சேர்க்கணும். ரெண்டு பசங்க ரம்பத்தோட தயாரா இருக்காங்க."

"ரம்பத்தை எடுத்தா நான் வாசல்லயே படுத்துடுவேன்" என்றேன். என் தையலை என்னைத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது.

தோல் எனக்கு, எலும்பு உங்களுக்கு. பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து அறையில் அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். கிழவனிடம் மட்டும்தான் தகராறு வந்தது. குட்டியில் மிருகக்காட்சிசாலைக் கூண்டுக் கதவு விழுந்து தாடை உடைந்து, கோணலாகவே கூடிப்போனவன். அந்த முறிவு கூடியதைக் காட்டத்தான் எலும்புக்கூடே என்றீர்கள். அந்த எலும்பு உள்ளே இல்லாமல் அவன் முகம் வராது என்றேன் நான். "அச்சு எடுத்துக்குங்க மச்சான், நிஜத்தை எனக்குக் குடுங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்தினீர்கள். பிளாஸ்டர் தலைமேல் நான் தோல் போர்த்துவதில்லை. அன்று சொன்னேன், இன்றும் அதுதான்.

எடுத்துக் கொடுக்கட்டுமா, முடியாது என்று சொல்லட்டுமா? அனுமதி கேட்கவில்லை. உங்கள் எண்ணத்தைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

---

மார்ச் 15

அன்புள்ள மச்சானுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்ததும் உங்கள் தங்கை, "அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் படித்துப் பார்த்து, "ஒண்ணும் ஆகலை. அப்படியேதான் இருக்கார்" என்றேன். பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அன்று முழுக்க உங்கள் பேச்சுதான். என் அண்டாவில் எலும்பு வேகும்போது உங்கள் அறைக் கதவை நீங்கள் அறைந்து சாத்துவது. உங்கள் மருந்து நெடிக்கு நான் ஜன்னல் வழியே தும்முவது. பஸ்ஸில் எவ்வளவு கூட்டமென்றாலும் நம் இருவர் பக்கத்தில் மட்டும் யாரும் உட்காராதது. பெண் கேட்டு வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று அவள் நினைவுபடுத்தினாள்: "என் கை நாத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காத வீடு இது ஒண்ணுதான்." நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

கிழவனைப் பிரிக்க வேண்டாம், மச்சான். எனக்குக் கோபம் இருந்தது. நான் கோத்த எலும்புக்கூட்டுக்குப் பிளாஸ்டர் தலை வைத்தது பொறுக்காமல்தான் ஊரை விட்டே வந்தேன். இப்போது அது போதும். உங்கள் வேலை உங்கள் வேலையாகவே நிற்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு அங்கே வந்தவன், உங்களிடம் சொல்லாமல் மியூசியத்துக்கும் போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான். கிழவன் முன்னால் வெகு நேரம் நின்றேன். என் கண் மங்கிவிட்டதோ என்னவோ, அவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

அன்புடன்,
மாப்பிள்ளை

---

மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நாலு நாள் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு மியூசியத்துக்குப் போய், ஈரத் துணி வைத்துத் தோலை இளக்கி, என் தையலை நானே பிரித்தேன். மூன்று நாள் ஆனது.

உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

தோல் போர்த்தி முடித்த அன்று கிழவன் கிழவனாகவே இருந்தான். வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, அச்சு அசல். தள்ளி நின்று பார்த்தேன். உயிரோடு அவனைப் பார்த்தவர்களுக்குத்தான் அது அவன் கோணல் என்று தெரியும். மற்றவர்கள் என் கைக்கோணல் என்பார்கள். படிக்காதவன், காக்கையையும் அணிலையும் கெடுத்துக் கெடுத்து வேலை கற்றவன், வேறெப்படிச் செய்வான் என்பார்கள். இடக்கன்னத்தில் ஒரு பிடி களிமண்ணைத் திணித்தேன். முகம் நேராகிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றே மண்டையோட்டை உங்களிடம் கொடுத்திருக்கலாம். நேரான முகத்துக்குப் பிளாஸ்டர் தலையே போதும் என்று ஆகிவிட்ட பிறகு நிஜ எலும்பு எனக்கு எதற்கு? ஆனால் நீங்கள் கத்திவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் எப்படி வந்து நிற்பது? களிமண் வைத்ததையே மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை.

அந்தக் களிமண் காய்ந்து, கிண்ணம் போல முழுசாக வந்தது. உள்பக்கம் என் கட்டைவிரல் ரேகை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

மண்டையோட்டைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பஞ்சில் வைத்திருக்கிறேன். பொருத்த ஆள் அனுப்புவதாக அதிகாரியம்மாள் சொன்னாள். "அதுக்கு ஆள் இருக்கு" என்றேன். எனக்குக் கம்பி முறுக்கத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளவும் மாட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் தங்கைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மைத்துனன்

---

ஏப்ரல் 5

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கை இரண்டு முறை சத்தமாக வாசித்தாள். மூன்றாவது முறை வாசிக்க அவளால் முடியவில்லை.

புதன்கிழமை காலை ரயிலில் இருவரும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வழி மறக்கவில்லை.

ஆனால் ஒன்று. இரண்டு வருடமாக என் வலக்கை நடுங்குகிறது. டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்கிறேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கிழவன் கழுத்தில் கம்பியை நீங்கள்தான் முறுக்க வேண்டும். மாட்டேன் என்று பதில் எழுதினால் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே ரயில் ஏறுவேன்.

மாப்பிள்ளை