தம்பியின் ஊர்தி, என் வாக்கு

செப்டம்பர் 5
எஸ்பன்யோலா ஊர் மன்றத்தில் இன்று என் உரை. தலைநகரில் எழவிருக்கும் லத்தீனோ மக்களின் தேசிய அருங்காட்சியகத்துக்கு நம் ஊர் என்ன தரும் என்று கேட்க அதன் பொறுப்பாளர் இவெலிசே அம்மையார் வந்திருந்தார். நானூறு ஆண்டுகள் இம்மண்ணை உழுதோமே, நம் வரலாற்றுக்குத் தலைநகரில் ஒரு கூரை உண்டா என்று கேட்டேன். அரங்கு அதிர்ந்தது. அந்த அதிர்வில், "என் தம்பி எலோய் கட்டிய ஊர்தி அங்கே நிற்கும்!" என்று முழங்கிவிட்டேன். எல்லாரும் எழுந்து கைதட்டினர். கடைசி வரிசையில் தமாலே தின்றுகொண்டிருந்த எலோய் மட்டும் எழவில்லை.

செப்டம்பர் 6
பேச மறுக்கிறான்.

செப்டம்பர் 9
இவெலிசே தொலைபேசியில் நெறிமுறை சொன்னார்: எரிபொருள் முழுதும் வடிக்கப்படும், அதன்பின் ஊர்தி ஒருபோதும் இயக்கப்படாது. எலோயிடம் சொன்னேன்.

"ஓடாத வண்டிக்கு என்ன பேரு தெரியுமாக்கா? கோழிக் கூண்டு."

"வரலாற்றிலே இடம்டா!"

"ஞாயித்துக்கெழம ரிவர்சைடு ரோட்டுல எனக்கு ஒரு எடம் இருக்கு. அது போதும்."

நியாயந்தானே? பழைய காரைத் தரையுரசத் தாழ்த்தி அவன் கட்டிய அந்த ஊர்தி நடப்பவரினும் மெதுவாய் ஊரை வலம் வரும். மணப்பெண்கள் அதில்தான் தேவாலயம் போகிறார்கள். ஆனால் என் வாக்கு? ஊரே கேட்டதே — ஐயோ, இந்த வாய்!

செப்டம்பர் 13
சமையலறையில் அவனுக்கென்று தனி உரை நிகழ்த்தினேன். மண், மானம், மரபு — ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் கைதட்டினான்.

"பிரமாதம்க்கா. கார் கெடையாது."

செப்டம்பர் 20
வாக்கைத் திரும்பப் பெறுவதாக மன்றத்தில் அறிவிக்கப்போகிறேன் என்றேன்.

"நீயா? மேடையில ஏறி, தப்புன்னு சொல்லப்போறியா?"

"ஆமாம்."

"ஏய், அழாதக்கா."

"மிளகாய்ப் புகைடா."

"மிளகா வாட்டி ரெண்டு நாளாச்சு."

எழுந்துபோய் ஊர்தியின் முன்மூடியைத் தடவினான். அவனே தீட்டிய ஓவியம் அதில் இருக்கிறது: குவாதலூப்பே மாதா, அவள் காலடியில் மிளகாய் பறிக்கும் எங்கள் அம்மா.

"இந்த பானெட்ட அவங்க வெச்சுக்கட்டும். எதுக்கு இந்த வண்டியக் கட்டினேன்னு இதுலதான் இருக்கு. வண்டி என்கூட ஓடட்டும்."

செப்டம்பர் 22
மூடியை மட்டும் தருகிறோம் என்றதும் இவெலிசே முதலில் சிரித்தார். பிறகு ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். "அனுப்புங்கம்மா. கட்டடத்துக்கு எடமே இன்னும் முடிவாகல. ஆனா இத எந்தச் செவுத்துல மாட்டணும்னு எனக்கு இப்பவே தெரியுது."

அக்டோபர் 4
மூடியில்லாமலே வலம் போனான். "எலோய், வண்டிக்குத் தொப்பி எங்கடா?" என்று வழியெங்கும் கேலி. "தலைநகர்ல!" என்கிறான், கேட்டவர் அனைவரிடமும், மார்பை நிமிர்த்தி.

நவம்பர் 8
புது மூடியில் ஓவியம் முடிந்தது. நான்தான்! மேடை, ஒலிவாங்கி, உயர்த்திய கை. வாய் மட்டும் இறுக மூடியிருக்கிறது.

"ஒரு தடவையாவது உன்னை இப்படிப் பாக்கணும்னு ஆசைக்கா. ஏறு."

ரிவர்சைடு சாலை நெடுகிலும் அவனருகில் அமர்ந்து சென்றேன். ஒரு சொல்லும் பேசவில்லை.