மலைக்குளிர் என்றுதான் நினைத்தோம்

அக்கா,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மார்கழி பிறந்தும் போர்த்திக்கொள்ள ஒன்றும் எடுத்துத் தரவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த போர்வைகளை எடுத்துப் போட்டதும் அடியிலிருந்து உங்கள் கருப்புக் கம்பளி வந்தது. வந்ததுமே தைல வாசம். இரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்தும் போகவில்லை. உங்கள் தோளிலும் பாதத்திலும் நான் தேய்த்துவிட்ட தைலம். உங்கள் சாமான்களோடு இதையும் எரித்துவிடச் சொன்னார்கள். நான் ஒளித்து வைத்துவிட்டேன். அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததில், அடுப்பிலிருந்த சாமைச்சோறு அடிப்பிடித்துவிட்டது.

பெட்டியைத் திறக்கும் தைரியம் நேற்றுத்தான் வந்தது. எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரப்புப் பலாமரத்துக்காக மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் நாம். வேர் உங்கள் காட்டில், காய் விழுவது எங்கள் காட்டில். ஒரே வீட்டில் வாக்கப்பட்டு வந்த ஓரகத்திகள் இப்படி அடித்துக்கொள்வதை வளப்பூர் நாட்டு ஊரெல்லாம் வேடிக்கை பார்த்தது. அப்புறம்தான் உங்கள் மார்பில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறகு ஆறு தடவை மலையிறங்கிக் கீழே போய் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்றானதும், கூட யார் போவது என்ற கேள்வி வந்தது. உங்கள் வீட்டுக்காரரான மாமா ஐந்தாவது வளைவிலேயே பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர். உங்கள் மகளோ திருப்பூரில். எழுபது வளைவிலும் வாந்தி எடுக்காத ஒரே ஆள் நம் குடும்பத்தில் நான்தான். அந்த ஒரு தகுதிக்காக மாமா என் வாசலில் வந்து நின்றார்.

"வாரேனுங்க. ஆனா பலாமரப் பேச்சை எடுத்தா பாதி வழியில சேந்தமங்கலத்துலயே எறங்கிக்குவேன்" என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நீங்கள் பேசிய முதல் வார்த்தை எது தெரியுமா? "இந்த வருசம் காய் நல்லாப் புடிச்சிருக்குதாட்டம்?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுப்பு, அக்கா, உங்களுக்கு. கட்டியை எடுத்த டாக்டர் அதைத் தொடாமல் விட்டுவிட்டார்.

முதல் தடவை மருந்து ஏறி முடிந்ததும் நர்ஸம்மா வாந்தி மாத்திரை கொடுத்தார். வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் போடவேண்டும் என்றார். நாம் இருவரும் நன்றாகத் தலையாட்டினோம். ஆனால் நம் மலையில் வாந்தி மாத்திரை என்றால் அது பஸ் மாத்திரைதானே? பஸ் ஏறும் முன் ஒன்று போட்டீர்கள். எழுபது வளைவும் ஏறி ஊரில் இறங்கியதும், "ஊடு வந்து சேர்ந்தாச்சு, இனி எதுக்கு மாத்திரை?" என்று மீதியை மாடக்குழியில் வைத்துவிட்டீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. மூன்றாம் நாள் கண் உள்ளே போய், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரியூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி குளுக்கோஸ் ஏற்றினோம்.

அடுத்த தடவை போனபோது நர்ஸம்மா துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்கம்மா, மாத்திரை பஸ்ஸுக்கில்லீங்க. உங்க உடம்புக்குள்ள போன மருந்துக்கு" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நாம் சிரித்த சிரிப்பைப் பார்த்து, அங்கே இருந்தவர்கள் நல்ல சேதி கிடைத்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நாம் கெட்டிக்காரிகள் ஆகிவிட்டோம். மாத்திரை வேளை தப்பவில்லை. வாயெல்லாம் புண்ணாகிப் போனபோது உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, ஆறவைத்த சாமைக் கஞ்சியில் மோர் ஊற்றிக் குடித்தீர்கள். மிளகு விளைகிற வீட்டில் மிளகே இல்லாத ரசம் வைத்தேன். "எதைத் தின்னாலும் இரும்பை நக்குன மாதிரி இருக்குது" என்று தட்டைத் தள்ளுவீர்கள். "இரும்பாவது உள்ள போகட்டும், தின்னுங்க" என்று திரும்ப நகர்த்துவேன். ஒரே வேளையில் போடாமல் இரண்டு மணிக்கொரு தரம் இரண்டு வாய் என்று கொடுத்தால் தங்கியது. முடி கொத்துக் கொத்தாக வந்தபோது மாமாவின் துண்டை வாங்கித் தலைப்பாகை கட்டிக்கொண்டீர்கள். "அவருக்கும் மண்டையில ஒண்ணுமில்ல, எனக்கும் இல்ல, இப்பத்தான் ஜோடிப் பொருத்தம் வந்திருக்குது" என்றீர்கள். மாமா சிரித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதார். நான் பார்த்தேன்.

நலம் விசாரிக்க வந்த சனத்தை வாசலிலேயே நிறுத்தினேன். சளி, காய்ச்சல் இருக்கிறவர்கள் எட்ட நின்று பேசிவிட்டுப் போகட்டும் என்றேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. வரட்டும் என்று இருந்தேன்.

நர்ஸம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் நாம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பையிலேயே வைத்துவிட்டோம், அக்கா. தெர்மாமீட்டர். "மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாள்ல ரத்தத்துல வெள்ளணு கொறஞ்சு போகும். கிருமி வந்தா சண்டை போட ஆளிருக்காது. நூறு புள்ளி நாலைத் தொட்டா உடனே கெளம்பி வந்துருங்க. நீங்களா மாத்திரை போட்டுட்டு விடியட்டும்னு இருக்காதீங்க." கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா காய்ச்சல்? இதற்கொரு கருவியா? நம் நினைப்பு அப்படி.

நாலாவது மருந்து ஏறி ஒன்பதாவது நாள். மத்தியானமே மேகம் இறங்கி எதிர்க்காடு மறைந்துவிட்டது. உடம்பு வலி என்று காலையிலேயே கடையில் வாங்கிய மாத்திரை ஒன்று போட்டிருந்தீர்கள். மூன்று மணி வாக்கில் "குளுருது சாமி" என்றீர்கள். நெற்றியில் புறங்கையை வைத்தேன். சுடவில்லை. அந்த வலி மாத்திரை காய்ச்சலை அமுக்கி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மார்கழியில் குளிராமல் என்ன செய்யும் என்று கம்பளியைப் போர்த்தினேன். அடுப்போரம் உட்காரவைத்துத் தைலம் தேய்த்தேன். பல் கிட்டியது. இன்னொரு போர்வை போட்டேன்.

அப்போதுதான் அந்த லாரி வந்தது. மாமா காட்டில் பிடுங்கிக்கொண்டிருந்த குச்சிக்கிழங்கை ஏற்றப் போகிற வழியில் டிரைவர் வாசலில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அம்மாவுக்கு முடியலீங்களா? லோடு ஏத்திட்டுக் கீழதான் போறேன். யாராச்சும் வர்றீங்களா?"

"இல்லீங்க. குளுருதான். காலைல மொத பஸ்ஸுல பாத்துக்கறோம்" என்றேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. என் வீட்டுக்காரரிடம்கூட.

முதல் பஸ்ஸில் உங்களை ஏற்றியபோது எதிரில் நிற்பது யாரென்று உங்களுக்குத் தெரியவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். "நேத்தே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் உங்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். நோய் உங்களைக் கொல்லவில்லை. மருந்தும் கொல்லவில்லை. ஒரு சாயங்காலத்தைக் காத்திருந்து கழித்தோம், அதுதான் கொன்றது. அப்படித்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். யார் தேற்றினாலும் கேட்கமாட்டேன்.

இந்த வருஷம் மேற்கு வீட்டுப் பெரியண்ணனுக்கு வயிற்றில் கட்டி. அவருக்கும் மருந்து ஏற்றுகிறார்கள். பத்து நாளைக்கு முன்னால் மோர் வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்போரம் சுருண்டு கிடந்தார். அவர் பெண்சாதி செல்லம்மாள் போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். "குளுருதுங்கறார், அக்கா. மேகம் எறங்கியிருக்குதில்ல" என்றாள்.

அடுத்த நொடி போர்வையை உருவினேன். செல்லம்மாள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து உங்கள் தெர்மாமீட்டரை எடுத்து அவர் அக்குளில் வைத்தேன். ஆமாம், நீங்கள் போன நாளிலிருந்து அது என் இடுப்பில்தான் இருக்கிறது. நூற்றியொன்று காட்டியது. கடைசி பஸ் போய்விட்டது. ஆம்புலன்சு வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தது. ரோட்டுக்கு ஓடிப்போய், இறங்கி வந்த கிழங்கு லாரிக்கு முன்னால் நடுவில் நின்றேன். டிரைவர் பிரேக் அடித்துவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். "திட்டிக்கோங்க, வண்டியில ஏத்திட்டுத் திட்டுங்க" என்றேன். எழுபது வளைவும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அன்று ராத்திரியே அவர் கையில் ஊசி ஏறிவிட்டது.

நேற்று வீடு திரும்பினார். பார்க்க ஊரே கூடியிருந்தது. செல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளுரா காய்ச்சலான்னு உனக்கு எப்படி அக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை. கம்பளி போர்த்தியது, வலி மாத்திரை, லாரிக்காரர் கேட்டது, நான் இல்லீங்க என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தே பேசி முடித்தேன்.

பிறகு மாமா தொண்டையைச் செருமினார். "காட்டுல லோடு ஏத்தறப்ப அந்த டிரைவர் என்னையும் கேட்டான், அம்மிணி. 'உங்கூட்டம்மாவக் கூட்டிட்டுப் போகட்டுங்களா'ன்னு. நானும் விடியட்டும்னுதான் சொன்னேன்."

இரண்டு வருஷம், அக்கா. ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும், அதே வார்த்தையைத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

இன்று காலை மாமா முதல் பஸ்ஸுக்குப் போனார். ஐந்தாவது வளைவில் தலையை நீட்டுகிற மனுஷர், தனியாகவே சேந்தமங்கலம் போய்விட்டு மத்தியானம் முகமெல்லாம் வெளிறி வந்து சேர்ந்தார். பஸ் மாத்திரை போட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவர் சட்டைப்பையில் புதுத் தெர்மாமீட்டர் இருந்தது. "மேலூருக்கு நீ பாத்துக்க, கீழூருக்கு நான் பாத்துக்கறேன்" என்றார்.

கம்பளியைத் துவைத்து வேலியில் போட்டிருக்கிறேன். வாசம் போனால் போகட்டும், காய்ந்ததும் என் வீட்டுக்காரர் போர்த்திக்கொள்வார். ஆனால் மருந்து ஏற்றிக்கொள்கிற எவர் வீட்டிலிருந்தாவது "குளுருது" என்று ஒரு குரல் வந்தால், எங்கள் இருவரில் ஒருவர் அங்கே போய் நிற்போம். போர்வையை விலக்குவோம். கையைத் தூக்கச் சொல்வோம். விடியட்டும் என்று இனி எங்கள் வாயில் வராது.