தரைக்குக் கீழே உள்ளது

கிழக்கு லொம்போக்
9 அக்டோபர் 1994

அன்புள்ள சஹ்னிம் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய கைலி வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

பக்கத்து மனையில் நுரைக்கல் தோண்டும் உங்கள் தம்பி மஹ்சுன், குழியை நம் வீட்டுக்கு அடியிலேயே கொண்டுவந்துவிட்டான். பாயில் காது வைத்தால் கடப்பாரைச் சத்தம் கேட்கிறது. கேட்டால், "அண்ணி, உங்க வீட்டையா தோண்டுறேன்? கீழ இருக்கிற கல்லைத்தானே எடுக்கிறேன்" என்று பல்லைக் காட்டுகிறான். தண்ணீரில் மிதக்கிற, கையால் நெரித்தாலே பொடியாகிற கல் அது. மழைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் மஸ்னா

ஜொகூர்
2 நவம்பர் 1994

அன்பு மஸ்னாவுக்கு,

எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி வெட்டிக் கை காய்த்துப்போனது. மற்றபடி நலம்.

மஹ்சுனோடு மல்லுக்கு நிற்காதே. நான் கப்பலேற அவன்தான் பணம் கொடுத்தான். தரைக்குக் கீழே உள்ள கல் அவனுக்கு என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ மறுப்பாய் என்றுதான் சொல்லவில்லை. வீடு உன்னுடையது, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எடுத்த இடத்தை மண் போட்டு மூடிவிடுவான்.

உன் அன்புள்ள,
ஜுமாதில்

கிழக்கு லொம்போக்
20 நவம்பர் 1994

அன்புள்ள சஹ்னிம் அப்பாவுக்கு,

மூடவில்லை. பின்பக்கத் தூணுக்கு அடியில் என் கை நுழைகிறது. பிள்ளை படுக்கிற மூலையில் தரை அமுங்குகிறது. "அம்மா, கீழ சித்தப்பா இருமுறாரு" என்கிறாள். ஒரே ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவனுக்கு.

உங்கள் மஸ்னா

கிழக்கு லொம்போக்
25 டிசம்பர் 1994

சஹ்னிம் அப்பாவுக்கு,

உங்கள் வரி வரவில்லை, மழை வந்துவிட்டது. என் அம்மா ஊர் ஆட்கள் வந்து மூங்கில் சுவர்களைப் பிரித்தார்கள். கூரையைத் தூண்களோடு தோளில் தூக்கினார்கள். மஹ்சுன் குழியிலிருந்து ஏறி ஓடி வந்தான்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"உன் கல்லையா தொட்டேன்? மேல இருக்கிறதைத்தானே எடுத்துட்டுப் போறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தரை மொத்தமும் உள்ளே போய்விட்டது. ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்ததால் உங்கள் தம்பி பிழைத்தான். சஹ்னிமின் பாய் கிடந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் நிற்கிறது, அதில் அவனுடைய கல் மிதக்கிறது. பார்த்துவிட்டு வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வீடு இப்போது என் அம்மா மனையில் நிற்கிறது. அது என்னுடையது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். கீழே உள்ளது உங்கள் இருவருக்கும். ஊருக்கு வந்தால் அந்தக் குழியிலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

மஸ்னா