மிளகு வாங்கிய தட்டு மெஷின்

அன்புத் தம்பிக்கு, உன் அக்கா எழுதுவது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ரோலர் சீட்டில் நான் தைத்துக் கொடுத்த மெத்தையைப் போட்டுத்தானே உட்காருகிறாய்? ரோடு போடுகிற இடத்தில் தார்ச்சூட்டில் நாள் முழுக்க இருக்கிறவன் தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும். உனக்கு ஞாபகப்படுத்த அங்கே யாரும் இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். கொல்லைப்பக்கக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் என்னோடு பேசவில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான். இனி உன் மகள் மிளகு விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லாமல் விடமாட்டேன்.

அந்த முதியோர் இல்லத்து வேலை தெரியும் அல்லவா? அறைகளிலிருந்து தோட்டத்துக்குப் போகிற பக்கவழியில் முன்பு யாரோ பேவர் கல் பதித்து, ஒரு மழைக்கே அங்கங்கே உட்கார்ந்துவிட்டது. சக்கர நாற்காலி சிக்கிக்கொள்ளும். அதனால் நிர்வாகி அம்மா நம் மிளகிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கவழியை மட்டும் முதலில் போடு, மழைக்குப் பிறகும் மட்டமாக இருந்தால் முன்முற்றமும் தோட்டமும் உனக்கு. உட்கார்ந்துவிட்டால் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். சொந்தமாகத் தொழில் தொடங்கி அவள் பிடித்த முதல் பெரிய வேலை, தம்பி. இது போனால் ஊரில் அவளை யார் கூப்பிடுவார்கள்?

அதற்குத் தரையைத் தட்டி இறுக்குகிற மெஷின் வாங்கும் பேச்சில்தானே உங்கள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நீ பெரிய மெஷின்தான் வாங்க வேண்டும், எடைதான் வேலை செய்யும் என்றாய். அவள் சின்ன டீசல் தட்டு மெஷின் போதும் என்றாள். "தரையைத் தட்டவா வாங்குற, துணி தேய்க்கவா? நாளைக்கு வேலை உக்காந்துட்டா என் பேரச் சொல்லாத" என்று சொல்லிப் போனை வைத்தாய். அன்றிலிருந்து அவளைக் கூப்பிடவே இல்லை. அவளும் அன்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

அந்த வழியை நீ பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் அறைகள். தண்ணீர்த்தொட்டிக்கிட்டே வழி திரும்புகிற ஒரு முடக்கு. மண் தள்ளுகிற வண்டியே சுவரை உரசிக்கொண்டுதான் போகும். கீழே கழிவுநீர்க் குழாய் வேறு மேலோட்டமாக ஓடுகிறது. நீ சொன்ன மெஷினை உள்ளே விட வேண்டுமானால் முதலில் கேட்டை உடைக்க வேண்டும், பிறகு குழாய் தானாகவே உடையும். மெஷினைப் பலகை வைத்து லாரியில் ஏற்றுவதும் இவளும், இவளிடம் வேலை பார்க்கிற கல் பதிக்கிற அக்காவும்தான்.

டீசல் ஏன் என்று கேட்பாய். முன்பு வாடகைக்கு ஒரு பெட்ரோல் மெஷின் எடுத்தார்கள். நம் லாரி குடிப்பது டீசல், தண்ணீர் மோட்டார் குடிப்பது டீசல். கல் பதிக்கிற அக்கா அந்தப் பழக்கத்தில் இதற்கும் கேனோடு டீசலை ஊற்றிவிட்டாள். அது இருமி இருமிப் புகை விட்டுப் படுத்துக்கொண்டது. வாடகைக்காரன் வந்து கத்திய கத்தில் தெருவே கூடியது. அன்றைக்கே மிளகு முடிவு செய்துவிட்டாள், நம்மிடம் இருக்கிற எல்லாம் ஒரே கேனில் குடிக்க வேண்டும் என்று.

கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், எனக்கே பேச இடம் கிடைக்கவில்லை. ஒரு மெஷினைக் காட்டி, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றைத் தொட்டாலே ஓடும் என்றார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கயிற்றைத் தொடவில்லை, எஞ்சினைத் தொட்டாள். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். சூடாக இருந்தால் எந்த ஓட்டை மெஷினும் உடனே பிடித்துக்கொள்ளுமாம்.

"ஆறட்டும்ணே. காலைல வேலைக்குப் போறப்ப எனக்கு யாரு சூடு பண்ணிக் குடுப்பா?" என்றாள்.

மெஷின் வாங்க வந்தியாம்மா, பால் குடிக்க வந்தியா என்று அவர் சிரித்தார். இவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதத்தில் யார் மகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறிய பிறகு கடைக்காரர் கயிற்றை இழுத்தார், இழுத்தார், சட்டை வெளியே வந்தது, மெஷின் வரவில்லை. பிறகு முகம் சுண்டிப்போய் உள்ளிருந்து வேறொன்றை எடுத்துவரச் சொன்னார். அதை இவளே இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. கைப்பிடியை என்னையும் பிடிக்கச் சொன்னாள். என் கை மரத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையை ஆட்டினாள்.

நான் ஓரமாக நின்று கண்ணை மூடி, இதுவே நல்ல மெஷினாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர், தான் வாங்கிப் பிடித்திருந்த கைப்பிடியை விட்டிருக்கிறார். அதிர அதிர அது தானாகவே முன்னால் நகருமாம், எனக்கு என்ன தெரியும்? கண்ணைத் திறந்தால் நேரே என்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் கும்பிட்டதில் எந்தச் சாமியும் இப்படி நடந்து வந்ததில்லை. கையை எடுக்கத் தோன்றவில்லை, அப்படியே கும்பிட்டுக்கொண்டு நின்றேன். மிளகு ஓடிவந்து பிடித்துவிட்டு, "அத்தை, அது வரம் குடுக்க வரல, கால எடுங்க" என்றாள். கடையே சிரித்தது. சிரிக்கட்டும். அதைத்தான் வாங்கினோம்.

வேலை நடந்தபோது தினமும் சாப்பாடு கொண்டுபோனேன். ஜல்லியை மொத்தமாகக் கொட்டி ஒரே தடவையில் தட்டாமல், மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, தட்டி, மறுபடியும் பரப்பித் தட்டினாள். ஏன் இப்படி வேலையை இழுக்கிறாய் என்று கேட்டேன்.

"எடை கம்மின்னா ஒவ்வொரு தடவையும் போடறதும் கம்மியா இருக்கணும் அத்தை. மேல மட்டும் இறுகினா பிரயோஜனமில்ல. சின்னப் பிள்ளைல அப்பாவோட ரோலர் பின்னாடியே சுத்தினப்ப பாத்தது."

நீ போனை வைத்த பிறகு உன் பேச்சை அவள் எடுத்தது அன்றுதான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜல்லியைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் பதித்த கல்லில், மெஷினின் அடியில் ரப்பர் விரிப்பு மாட்ட மறந்து தட்டியதில் ஒன்று மூளியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது, விட்டுவிடு என்றேன். காலைத் தேய்த்து நடக்கிறவர்கள் அதில்தான் தடுக்குவார்கள் என்று பெயர்த்து மாற்றினாள்.

பிறகு மழை. விட்டு விட்டு இல்லை, ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. நான் மாலை விளக்கேற்றி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டேன். அவள் சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறும்வரை கூரைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள். போன் அடித்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். யாரை எதிர்பார்த்தாள் என்று நீயே நினைத்துப் பார்.

மழை விட்ட காலையில் போனோம். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்தவர், இப்போதும் எல்லோருக்கும் கண்டக்டர்தான். பழைய பாதையில் தண்ணீர்த்தொட்டி முடக்கில் நாற்காலியோடு கவிழ்ந்து விழுந்தவர் அவர். அதன் பிறகு தோட்டப் பக்கமே போகவில்லையாம். அன்றைக்கு, நான்தான் முதலில் போவேன், யாரும் தள்ளக்கூடாது என்று அடம்பிடித்தார். மடியில் டம்ளர் நிறைய டீ. நிர்வாகி அம்மா வேண்டாம் என்கிறார், அவர் காதில் வாங்கவே இல்லை. இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பினார். முடக்கு வந்ததும் மிளகு என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. டீ ஆடியது, சிந்தவில்லை. முடக்கைத் தாண்டினார், தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். டீயை ஒரே மூச்சில் குடித்தார். அங்கிருந்து ஒரு குரல் கொடுத்தார் பார், "ரைட், போலாம்".

அவ்வளவுதான். கைத்தடியோடு, நாற்காலியோடு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். முன்னால் போகிறவர்களைப் பார்த்து, படிக்கட்டில் நிற்காதே, உள்ளே போ என்று கண்டக்டர் அதட்டுகிறார். நிர்வாகி அம்மா மட்டம் பார்க்கிற நீளச் சட்டத்தைக் கல்மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எங்கேயும் சட்டத்துக்கு அடியில் இடைவெளி விட்டு வெளிச்சம் தெரியவில்லை. நிமிர்ந்து, முன்முற்றத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கப் போகிறாய் என்று மிளகைக் கேட்டார். முற்றம், தோட்டப்பாதை, பூச்செடி ஓரம் எல்லாமே அவளுக்குத்தான் தம்பி. ஆண்டவன் கண் திறந்தான். அது மட்டுமா, பெரிய மெஷின் வைத்திருக்கிற கான்டிராக்டர் ஒருவர் நேற்று வீடு தேடி வந்து, ஒரு சந்துக்குள் வேலை இருக்கிறது, உன் மெஷினோடு நீயும் வருவாயா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அவருக்கு இரண்டு டம்ளர் காபி கொடுத்தேன், கர்வத்தில்.

இதை எழுதச் சொல்லி அவள் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். அவளுக்கு ஊரே நல்ல வார்த்தை சொல்லிவிட்டது. ராத்திரி படுக்கும்போது பார்த்தால் முகத்தில் இன்னும் கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கிறது.

அவள் போன் எப்போதும் பையில்தான். ஆனால் மெஷின் ஓடும்போது கூப்பிட்டால் கேட்காது, எடுக்கவில்லை என்று நீயும் கோபித்துக்கொள்வாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்திவைப்பார்கள். அப்போது கூப்பிடு. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேள். மீதியை அவள் கேட்டுக்கொள்வாள்.

சாமி உன்னையும் அவளையும் ஒரே நிழலில் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா.