நுரை கட்டிய கொள்ளு ரசம்

இன்று காலை பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலைத் துண்டு தனியாக அறுந்து விழுந்துவிட்டது. விழுந்தது எங்கே சும்மா இருக்கிறது, சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அறுபத்திரண்டு வயதில் முட்டி போட்டு, துடைப்பக் குச்சியால் துழாவித் துழாவி அதை வெளியே எடுத்தேன். நகத்தளவு பிளாஸ்டிக். அதையும் கழுவி, பாக்கெட்டுக்குள் போட்டு, கம்பியில் காயவைத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ பார்த்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

"மூலைய முழுசா வெட்டாதீங்க. நூல் அளவு ஒட்டிக்கினு இருக்கட்டும். அந்தத் துண்டுதான் குப்பைக்குப் போயி மாட்டு வாயில பூடுது" என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பாய். நான் வேண்டுமென்றே முழுசாக வெட்டுவேன். "உங்க அம்மா வூட்டு மாடெல்லாம் பாக்கெட்தான் துன்னுதா?" என்று கேலி வேறு. நீ கீழே குனிந்து துண்டைப் பொறுக்குவாய். அப்போது உனக்கும் முட்டி வலித்திருக்கும். இன்றைக்குத்தான் அது எனக்குத் தோன்றியது.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் இன்னும் சித்தூரில், நம் வீட்டில்தான் இருக்கிறேன், தனியாக, நானே சமைத்துக்கொண்டு. நம்பமாட்டாய். நம் பையனும் நம்பவில்லை. திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒரு வருஷமாக என்னை இழுத்துக்கொண்டிருந்தான். "ஃப்ளாட்ல லிஃப்ட் கீது, டாக்டர் பக்கத்துல கீறாரு, உனக்குத் தனி ரூம் கீது. இங்க இன்னா கீது உனக்கு?" என்று போனிலேயே சண்டை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்தே விட்டான். அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை என்றால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ போன புதிதில் நான் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. தெருமுனையில் கர்ரி பாயிண்ட் வந்திருக்கிறதே, குழம்பையும் பொரியலையும் கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்கிற கடை, அதுதான் எனக்குச் சோறு போட்டது. மூன்று வேளையும் கவர். ஒரு மாதம் கழித்துச் சமையல் மேடையைப் பார்த்தேன். எண்ணெய்க் கவர்கள் குவிந்து, எறும்பு மொய்த்து, நாற்றமெடுத்துக் கிடந்தன. துணிப்பையும் சம்படமும் இல்லாமல் நீ கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை. உன் ஆயுசு முழுக்க இந்த வீட்டுக்குள் வராத பிளாஸ்டிக்கை நான் ஒரே மாதத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். உன் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அரிசி களைந்தேன்.

யாரிடமும் போய்க் கேட்கவில்லை. உன்னோடு போட்ட சண்டைகள்தான் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தன. நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருந்தால் ஒன்றும் நினைவில் நின்றிருக்காது. எதிர்த்துப் பேசினேன் பார், ஒவ்வொன்றும் அப்படியே நிற்கிறது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைத்தபோது "தோலத் துன்ன நான் ஆடா?" என்று கேட்டேன், அதனால் தோல் துவையலுக்குப் புளி எவ்வளவு என்பதும் தெரியும். மாடியில் ஓட்டை போட்ட இரண்டு பானைகளில் நீ காய்கறிக் கழிவைப் போட்டு மண்ணாக்கியபோது, "வூட்டு மேலயே குப்பைமேடா?" என்று கத்தினேன். அதனால் ஒரு பானை நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும், நடுவில் ஒரு பிடி காய்ந்த சருகு போட வேண்டும் என்பது மனப்பாடம். இப்போது அந்த மண்ணில் கத்தரி காய்க்கிறது. கறிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு போக ஒரு காலத்தில் எனக்கு மானம் போனது. இப்போது கடைக்காரர் நான் கவர் வாங்காததைப் பார்த்து, "அம்மா பழக்கம் உங்களுக்கும் வந்துட்சா சார்" என்கிறார். எனக்கு அதில் ஒரே பெருமை.

பாத்திரம் தேய்க்க சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை என்பதும் உன் பழக்கம்தான். ராத்திரி நாலு கொட்டையைக் கொட்டாங்குச்சியில் ஊறப்போட்டு, காலையில் பிசைந்து, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டில் தொட்டுத் தேய்ப்பாய். இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். கொட்டாங்குச்சி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, அழகாக இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் வைத்துக்கொண்டேன். ஒன்றில் ரசத்துக்குப் புளி. மற்றதில் பூந்திக்கொட்டை. இரண்டும் ஒரே அளவு, ஊறினால் இரண்டும் ஒரே பழுப்பு. கொட்டாங்குச்சியை நீ ஏன் வைத்திருந்தாய் என்று யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பையனும் மருமகளும் பதினோரு மணிக்கு வந்தார்கள். வந்ததும் வராததுமாக அவன் பீரோவைத் திறந்து என் சட்டைகளை எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டான். "மொதல்ல துன்னுட்டுப் பேசலாம்" என்றேன். நான் நன்றாகச் சமைத்துப் போட்டால் அவனால் வாயைத் திறக்க முடியாது என்பது என் கணக்கு. கேழ்வரகு களி, வேர்க்கடலைச் சட்னி, கத்தரிக்காய் வதக்கல், கொள்ளு ரசம். வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல், நீ செய்கிற மாதிரியே.

ரசம் கொதிக்கத் தொடங்கியதும் நுரைத்தது. "ரசத்தக் கொதிக்க வுடக்கூடாது, நுரை கட்டிக்கினு வந்தா எறக்கிடணும்" என்பாயே. அன்றைக்கு வந்த நுரை சாதாரண நுரை இல்லை. பொங்கிப் பொங்கி, பாத்திரத்தின் வாய்க்கு மேல் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் கைக்குக்கூட இப்படி நுரை கட்டியதில்லை என்று மார்தட்டிக்கொண்டேன், மன்னித்துவிடு. மேலே பெருங்காயமும் பூண்டும் தாளித்துக் கொட்டினேன். வாசனையில் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் ஜூஸ் ஃபேக்டரியில் முப்பது சீசன் தோத்தாபுரி மாம்பழத்தோடு கிடந்த மூக்கு இது. அதற்கு மாம்பழத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பையன் களியைப் பிட்டு, ரசத்தில் தோய்த்து, பெரிய உருண்டையாக வாயில் போட்டான். போட்டவன் விழுங்கவில்லை. கண் இரண்டும் பிதுங்கியது. எழுந்து தொட்டிக்கு ஓடினான். "நைனா, வாயெல்லாம் சோப்பு!" என்றான் அங்கிருந்தே. மருமகள் பாத்திரத்தைத் தூக்கி ஒருமுறை மோந்து பார்த்தாள். "அய்யோ மாமா, இதி குங்குடுகாய்!" என்று அலறினாள். திருப்பதிக்காரிக்குப் பதற்றம் வந்தால் தெலுங்கும் வந்துவிடும். பூந்திக்கொட்டையைத்தான் சொல்கிறாள். திரும்பிப் பார்த்தேன். மேடை மேல் புளிக் கிண்ணம் வைத்தது வைத்தபடி, பிழியாமல் இருந்தது.

பையன் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். கோபத்தைவிட அவன் முகத்தில் பயம்தான் அதிகம். "இன்னைக்கு ரசம். நாளைக்கு கேஸத் தெறந்துவுட்டுட்டு மறந்துட்டா? நான் அங்க ஆபீஸ்ல உக்காந்துக்கினு இன்னா பண்ணுவேன்? போதும் நைனா. சாயந்தரம் எங்ககூட கிளம்பு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

"கொள்ளுத் தண்ணி பாதி எடுத்து வெச்சிருக்கேன். இருவது நிமிஷம் குடு. அப்பறம் நீ சொல்றபடி கேக்கறேன்" என்றேன். அவன் உதவிக்கு வந்தான். மருமகள் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் அடுப்பங்கரை வாசற்படியில் நின்று பார்க்க, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி புளியைப் பிழிந்தேன். இந்தத் தடவை நக்கிப் பார்த்தேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டேன். மெல்லிசாக நுரை ஓரத்தில் கூடியது. இறக்கி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன்.

பையன் மறுபடியும் தட்டு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாவது தடவை உள்ளங்கையைக் குழித்து ரசம் வாங்கிக் குடித்தபோது எனக்கு மூச்சு வந்தது.

கெட்டுப்போன ரசம் ஒரு பாத்திரம் நிறைய அப்படியே இருந்தது. பையன் அதைச் சாக்கடையில் ஊற்றப் போனான். "கீழ கொட்டாத!" என்று நான் கத்தியதில் அவன் திடுக்கிட்டுப் போனான். என் குரலில் அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். வடிகட்டி எடுத்து, களி கிண்டி அடிப்பிடித்த பாத்திரத்தில் ஊற்றி வைத்தோம். பிறகு மருமகள் பீர்க்கங்கூட்டால் நாலு தேய் தேய்த்தாள், பளபளவென்று வந்துவிட்டது. பூண்டு வாசனையோடு பாத்திரம் தேய்த்த வீடு சித்தூரிலேயே நம் வீடு ஒன்றுதான். அவள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையனும் சிரித்தான்.

சிரித்து முடித்துவிட்டு அவள்தான் கேட்டாள். "நெஜமா சொல்லுங்க மாமா, ஏன் வரமாட்டேங்கறீங்க? எங்க மேல எதுனா கோவமா?"

"கோவம் இன்னாத்துக்கும்மா. அங்க வந்தா நான் மறுபடியும் ஹால்ல உக்காந்துக்கினு தட்டு வர்றதுக்குக் காத்துக்கினு இருப்பேன். உங்க அத்த இருந்த வரைக்கும் அப்டித்தான் இருந்தேன். அவ நாள் பூரா இன்னா செஞ்சுக்கினு இருந்தான்னே இப்பத்தான் எனக்குத் தெரியுது. இன்னும் பாதி தெரியல. கை கால் ஓடற வரைக்கும் இங்கியே இருந்து தெரிஞ்சிக்கறேனே" என்றேன்.

பையன் எழுந்துபோய் என் சட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து பீரோவில் வைத்தான். மடிப்பு கலைந்து, கோணல் மாணலாக. "தெனம் காலைல போன் பண்ணணும். ரெண்டு கிண்ணத்தையும் பக்கத்துல பக்கத்துல வெக்கக்கூடாது" என்றான். மாடிப் பானையிலிருந்து ஒரு பை மண்ணும் ஏழெட்டுக் கத்தரிக்காயும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதை உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருந்தேன்.

நேற்று சாயந்தரம் பையனே கூப்பிட்டான். "நைனா, கொள்ளுக்கு எத்தினி விசில் வெக்கணும்?" என்றான். மருமகளுக்குச் சளி பிடித்து இரண்டு நாளாகப் படுத்திருக்கிறாளாம். இவன் சமையல் மேடை முன்னால் நிற்கிறான். ராத்திரியே ஊறப்போட்டிருக்க வேண்டும், பரவாயில்லை, இரண்டு விசில் கூட வை என்றேன். வெந்த கொள்ளைக் கொட்டிவிடாதே, துவையலுக்கு ஆகும் என்றேன். மொதல் டம்ளரை அவளுக்கு ஊத்திக் குடு, அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்திரு என்றேன்.

உனக்குச் சளி பிடித்த நாட்களெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இருமிக்கொண்டே எழுந்துபோய் நீயேதான் ரசம் வைப்பாய். முதல் டம்ளர் எனக்கு வரும். நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் வாங்கிக் குடிப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பையன் மறுபடியும் கூப்பிட்டான். "குடிச்சிட்டா நைனா. இன்னொரு டம்ளர் கேக்கறா" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நீ கேட்டிருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு டம்ளர் கேட்கிறவளா, ஒன்று போதும் என்கிறவளா? எனக்குத் தெரியவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு தடவையாவது நான் உனக்கு ஊற்றிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.