உன் அம்மாவுக்கு அனுப்பிய பலகைகள்

இன்று காலை லிஃப்ட் அருகே புது அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தார்கள். கொசுவைப் பற்றியது. வழக்கம்போல நான்கு மொழி, வழக்கம்போல தமிழ் கடைசியில். 'பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்' என்று படித்து முடிப்பதற்குள் கை தானாகப் பைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்துவிட்டது. உன்னிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் இது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது, கைக்கு மட்டும் இன்னும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

நாம் இருவரும் ஒரே பருவத்தில் இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, ஃபேரர் பார்க்கில் ஒரே அறையில் குடியேறினோம். நான் திருச்சி, நீ அருப்புக்கோட்டை. வந்த மறுநாளே ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினாய். ஜாக்கெட் தைத்து உன்னை வளர்த்தவர், மதுரையைத் தாண்டிப் போகாதவர், தமிழ் தவிர எதுவும் படிக்கத் தெரியாதவர். ஸ்பீக்கரில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஏ, அங்கயும் நம்ம எழுத்தா! அப்ப பயமில்ல."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு படம். "இங்க எல்லாமே தமிழ்தாம்மா. நான் தொலைஞ்சு போகவே முடியாது" என்று கூசாமல் அளப்பாய். 'லிட்டில் இந்தியா' என்று அப்படியே தமிழில் எழுதி வைத்தால் அது தமிழாகிவிடுமா என்று நான் வம்புக்கு இழுப்பேன். "எங்கம்மா படிச்சாங்கல்ல? அப்ப தமிழ்தான், போடி" என்பாய். நம் ஊர் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை, மேலே சீன எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியபடி, கடையில் கண்டெடுத்தாய். "நம்மளையும் இப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பி வச்சிருக்காங்க" என்று சொல்லிக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாய்.

உணவங்காடியில் நீ செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக, வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம், "உங்களுதா? உங்களுதா?" என்று விசாரித்துக்கொண்டு போனாய். நான் அந்த மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டோடு வந்த பெண்மணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று மாலை வீட்டுக்கார ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது மறந்து வச்சது இல்ல லா! இந்த டேபிள் எனக்குன்னு அர்த்தம். டிஷ்யூ வச்சிட்டுப் போய் சாப்பாடு வாங்குவாங்க. யாரும் எடுக்க மாட்டாங்க." நீ வெட்கத்தில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். எழுதாத பலகையும் இந்த ஊரில் உண்டா என்று முனகினாய்.

அந்த வாரத்தில்தான் உன் கையில் நீலத் திட்டுகளைப் பார்த்தேன். பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்றாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

பிறகு ஊரின் வடகோடியில் இருக்கும் கிராஞ்சி. அங்கே கட்டுமான இடத்து வேலியில் 'அபாயம்' என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறதாம், யாரோ சொன்னார்கள் என்று என்னை இழுத்துப் போனாய். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். நீ படமெடுப்பதைப் பார்த்து, லாரியில் ஏறப்போன நம்மூர் அண்ணன் ஒருவர் கேட்டார். "என்னம்மா, ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்க இதையா படம் எடுக்குறீங்க?"

"எங்கம்மாவுக்கு அனுப்ப, அண்ணே."

"அபாயம்னு போட்டிருக்கு. இதைப் போய் அம்மாவுக்கு அனுப்புவீங்களா? நாங்க நல்லா சிரிச்ச மாதிரி மூஞ்சியத்தான் அனுப்புவோம்."

லாரியில் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். திரும்பி நடக்கையில் பாதி வழியில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. அடுத்த வாரமே மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள், ரத்தத்தில் நோய் என்று.

"பரீட்சை முடியட்டும்டி. அம்மாகிட்ட நானே சொல்றேன். இப்ப சொன்னா படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கூப்பிட்டுக்குவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நான் சரி என்றேன்.

அன்றாடப் படத்தை மட்டும் நீ நிறுத்தவில்லை. சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு நாள், கண்ணில் பட்டதை எடுத்து அனுப்பிவிட்டாய். 'மருந்தகம்' என்ற பலகை. அனுப்பிய பிறகுதான் உனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் இருந்திருந்தால் உன் அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உடனே போன் வந்தது. நீ கண் இமைக்காமல், "அவளுக்குக் காய்ச்சல்மா, மருந்து வாங்க வந்தோம்" என்று சொல்லி என்னிடம் போனை நீட்டினாய்.

"காச்சலாமே தாயி? மிளகு தட்டிப் போட்டு கசாயம் குடி. உடம்பப் பாத்துக்க, பெத்தவ பக்கத்துல இல்ல பாரு."

"சரிம்மா. இப்ப பரவால்லம்மா" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி. ஒரு வாக்கியம் போதும். எனக்கில்லைம்மா, அவளுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதும் நமக்கு ஐந்து வாரம் மிச்சமிருந்தது.

பரீட்சைக்கு நான்கு நாள் முன்பு உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அன்றுதான் நான் உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அழக்கூட இல்லை. "நான் எப்படித் தாயி அங்க வர்றது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. ஐந்து வாரம் என்பது பாஸ்போர்ட் எடுக்கத் தாராளமாகப் போதும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஏன் விசாரித்தேன் என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். பெட்டியில்தான் உன்னை அவரிடம் அனுப்பினோம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை.

சில மாதம் கழித்து உன் அம்மாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "இன்னைக்கு அங்க என்ன எழுதியிருந்துச்சு தாயி?" அவ்வளவுதான். படிப்பு முடிந்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மறுநாள் முதல் நான் அனுப்பத் தொடங்கினேன். கோயில் வாசல், காய்கறிக் கடை, பேருந்து நிறுத்தம். அவரும் ஒன்றுவிடாமல் எழுத்துக் கூட்டிப் படித்துக் குரலாகத் திருப்பி அனுப்புவார்.

இன்று கொசு அறிவிப்பை அனுப்பியதும் கூப்பிட்டார். "எழுத்து போதும் தாயி. ஒம் மூஞ்சியக் காட்டு. அவ கடைசி வரைக்கும் எழுத்தாவே அனுப்பி என்னை ஏமாத்திப்புட்டா. ஒரு நாள் மூஞ்சியப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தாங்கவில்லை. லிஃப்ட் வந்து, திறந்து, மூடிப் போனது. "அம்மா, அன்னைக்குக் காய்ச்சல் எனக்கில்லம்மா. மருந்து அவளுக்குத்தான். எனக்குத் தெரிஞ்சேதான் மறைச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல" என்றார். பிறகு, "சரி. தெனம் காலையில ஒரு படம் அனுப்பு. பவுடர் போடாம."

அனுப்பிவிட்டேனடி. ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் படும்படி, அவர் கேட்ட மாதிரியே. பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு உடனே விழுந்துவிட்டது. பதில் வர அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் என் கண்ணையும் உதட்டையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். "உதடு செவப்பாத்தான் இருக்கு" என்று எழுதியிருந்தார்.